நாத்தம் புடுங்கின ஸ்கங்க்கும் எங்க ஊரு மரநாயும்

அமெரிக்காவுல இருக்குற எங்க பெரியண்ணன் மகன் போன மாசம் ஒரு வீடியோ அனுப்பியிருந்தான். ஏதோ ஒரு விலங்குப் பூங்கா. உள்ளே போக ஒரு டிக்கெட்டு, மிருகத்தைத் தொட்டுப் பார்க்க இன்னொரு டிக்கெட்டாம். அவன் மக, ஏழு வயசுப் பிள்ளை, சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கு. மடியில கன்னங்கரேல்னு ஒரு மிருகம், நம்ம வீட்டுப் பூனை அளவு. தலையிலேருந்து முதுகு வழியா வால் வரைக்கும் வெள்ளைப் பட்டை, திருநீறை இழுத்துப் பூசின மாதிரி. பின்னாலேருந்து இவன் குரல்: "சித்தப்பா, இதுதான் ஸ்கங்க். நாத்தமே இல்ல பாருங்க. குட்டியிலேயே சுரப்பியை ஆபரேஷன் பண்ணி எடுத்துட்டாங்களாம்."

பிள்ளை முகத்துல இருந்த சந்தோஷத்தை நான் குறை சொல்ல மாட்டேன். அந்த வயசுல கம்மாய்க்குள்ள முயல் குட்டிக்குப் பின்னால ஓடுனவன்தான் நானும். எனக்கு நெருடுனது அந்த "நாத்தமே இல்ல" தான். அன்னைக்கு ராத்திரி கத்தரிக்குத் தண்ணி பாய்ச்சுற முறை. மும்முனைக் கரண்டு வந்தாத்தான் மோட்டார் ஓடும், அதுவரைக்கும் வரப்புல உட்கார்ந்து யோசிக்கிறதைத் தவிர வேற வேலை கிடையாது. அப்படி யோசிச்சதுதான் இது.

ஸ்கங்க்கைப் பத்திப் படிச்சிருப்பீங்க, கார்ட்டூன்லயும் பார்த்திருப்பீங்க. வால் அடியில ரெண்டு சுரப்பி. பத்தடி தூரத்துக்குக் குறி தப்பாம பீய்ச்சும். ஓநாய், நரி எல்லாம் ஒருதடவை வாங்கிட்டா அடுத்த தடவை ஒதுங்கித்தான் போகும். பெரிய கொம்பு ஆந்தை மட்டும்தான் துணிஞ்சு தூக்கும்னு சொல்றாங்க. அந்தத் தண்ணியில இருக்குறது தயால்ங்கிற கந்தகச் சேர்மங்கள். நம்ம வீட்டு கேஸ் சிலிண்டர் கசிஞ்சா ஒரு நாத்தம் அடிக்குதே, அது கேஸோட சொந்த நாத்தம் இல்ல. கசியுதுன்னு மனுசனுக்குத் தெரியணும்கிறதுக்காகவே எத்தில் மெர்காப்டன்னு ஒண்ணைக் கலக்குறாங்க. அதுவும் இதே தயால் குடும்பம்தான். கம்பெனிக்காரன் காசு போட்டுக் கலக்குற எச்சரிக்கையை ஸ்கங்க் பொறக்கும்போதே கொண்டு வந்திருக்கு.

அதையும் அது எடுத்த எடுப்புல அடிச்சிடாது. முதல்ல முன்னங்காலைத் தரையில தட்டும். சீறும். வாலைத் தூக்கிக் காட்டும். அதுக்கும் மேல கிட்டப் போனாத்தான் பீய்ச்சும். ஏன்னா கையிருப்பு அஞ்சாறு தடவைக்குத்தான். தீர்ந்து போச்சுன்னா மறுபடி ஊற ஒரு பத்து நாள் ஆகும். மழையை நம்பி விதை வச்சிருக்குற சம்சாரி மாதிரி கணக்காத்தான் செலவு பண்ணும். (மேலே பட்டுட்டா தக்காளிச் சாறு ஊத்திக் குளிங்கன்னு சொல்றது சும்மா. பால் கிரேபாம்னு ஒரு அமெரிக்க வேதியியலாளர் 1993-ல் சொன்ன கலவைதான் இன்னைக்கும் கைகொடுக்குது: ஹைட்ரஜன் பெராக்சைடு, சமையல் சோடா, கொஞ்சம் பாத்திரம் கழுவுற சோப்பு.)

இப்போ யோசிச்சுப் பாருங்க. பூங்காவுல வச்சிருக்குற ஸ்கங்க்குக்கு சுரப்பியை எடுத்தாச்சு. அது அதுக்குத் தெரியாது. பயந்தா இன்னமும் காலைத் தட்டும், வாலைத் தூக்கும். எதிர்ல இருக்குற பிள்ளைங்க "ஐ, டான்ஸ் ஆடுது"ன்னு கை தட்டும். வாலைத் தூக்கியும் எவனும் நகரலைன்னா அந்த மிருகத்துக்கு என்ன தோணும்? அதைத் திரும்பக் காட்டுலயும் விட முடியாது. இங்கிலாந்துல 2006-ம் வருஷத்து விலங்குநலச் சட்டத்துக்குப் பிறகு இந்த ஆபரேஷனைப் பண்ணக் கூடாது. அமெரிக்காவுல சில மாநிலத்துல ஸ்கங்க் வளர்க்கவே தடை, சில மாநிலத்துல ஆபரேஷன் பண்ணி வீட்டுப் பிராணியாவே விக்கிறாங்க. வெறிநோய்க்கு ஸ்கங்க்குக்குன்னு அங்கீகாரம் வாங்குன தடுப்பூசியும் கிடையாது. அதனால மடியில இருக்குறது ஒரு பிள்ளையைக் கடிச்சு வச்சுதுன்னா, பெரும்பாலும் அதைக் கொன்னுதான் சோதனை பண்ணுவாங்க. டிக்கெட்டுல அதையெல்லாம் அச்சடிக்க மாட்டாங்க.

"அமெரிக்காக்காரன் கதை நமக்கெதுக்குய்யா"ன்னு கேப்பீங்க. இந்தியாவுல ஸ்கங்க் கிடையாதுதான். ஆசியாவுலயே அதோட பங்காளிங்க இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ் தீவுப் பக்கம்தான் இருக்கு. ஆனா குணத்துல அதுக்குப் பக்கத்துல வர்ற ஒருத்தர் எங்க ஊர்லயே இருக்கார். மரநாய்.

பேர்ல நாய் இருக்கே தவிர அது நாயும் இல்ல, பூனையும் இல்ல. புனுகுப்பூனைக்குச் சொந்தம். மூணு நாலு கிலோ இருக்கும், சாம்பல் கலந்த கருப்பு, முகத்துல திருடன் மாதிரி ஒரு கருப்பு முகமூடி, உடம்பு நீளத்துக்கு வால். பகல் முழுக்கப் பனைமரத்துக் கொண்டையிலயோ பழைய ஓட்டு வீட்டுப் பரண்லயோ சுருண்டு தூங்கும். இருட்டினதும் கிளம்பும். பனம்பழம், ஈச்சம்பழம், எலி, ஓணான், அசந்தா நம்ம கோழிக்குஞ்சு. பதநீர்க் காலத்துல கலயத்துல வாய் வைக்கும். வெள்ளைக்காரன் இதுக்கு வச்ச பேருக்கு அர்த்தமே கள்ளுப் பூனை. தமிழ்நாட்டுல 1987-லேருந்து கள்ளுக்குத் தடை. மரநாய்க்கு அந்த அரசாணை இன்னும் போய்ச் சேரலை. சுண்ணாம்பு தடவாத கலயம் எதுன்னு பனையேறிக்குத் தெரியுதோ இல்லையோ இதுக்குத் தெரியும்னு எங்க ஊருப் பனையேறி அய்யா ஒருத்தர் சொல்லுவார்.

இதுக்கும் வால் அடியில சுரப்பி உண்டு. மடக்கிப் பிடிச்சா பீய்ச்சும். ஸ்கங்க் அளவுக்கு ஊரைக் காலி பண்ண வைக்காது, ஆனா பிடிச்சவன் ரெண்டு நாளைக்குச் சோத்துத் தட்டு முன்னால உட்கார முடியாது. அதே மிருகம் பயமில்லாம நடமாடுற இடத்துல வேற ஒரு வாசம் விடும். பரண்ல இருந்தா புழுங்கலரிசி வேகுற மாதிரி, ரம்பை இலை போட்ட மாதிரி இறங்கும். இதோட சொந்தக்காரன் பின்டுராங்னு ஒண்ணு, வடகிழக்குக் காடுகள்ல இருக்கு. அதோட மூத்திரத்துல பாசுமதி அரிசிக்கு மணம் தர்ற அதே சேர்மம் இருக்குன்னு 2016-ல் கண்டுபிடிச்சாங்க. ராத்திரியில இப்படி வாசம் வந்தா எங்க ஆத்தா "நல்ல பாம்பு கொட்டாவி விடுது, வெளிய போகாதே"ன்னு சொல்லும். எனக்கென்னமோ பாதி நாள் அது பரண்ல இருந்த மரநாயாத்தான் இருந்திருக்கும்.

இந்த மரநாயைத்தான் உங்கள்ல சில பேர் பாலித் தீவுல காசு குடுத்துப் பார்த்துட்டு வந்திருக்கீங்க. அங்கே அதுக்கு லுவாக்னு பேர். அது தின்னு கழிச்ச காப்பிக்கொட்டையைக் கழுவி வறுத்து, உலகத்துலயே விலை கூடுன காப்பின்னு விக்கிறாங்க. தோட்டத்துக்குப் போனா முதல்ல கூண்டைக் காட்டுவாங்க, அப்புறம் கப்பைக் காட்டுவாங்க. 2016-ல் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சேர்ந்து பாலியில இப்படிப்பட்ட 16 இடங்கள்ல 48 மரநாய்களைப் பார்த்து எழுதுனாங்க. கம்பித் தரை, மூத்திர ஈரம், காப்பிப் பழத்தைத் தவிர சரியான தீனி இல்ல, ராத்திரி நடமாடுற பிராணியைப் பகல் முழுக்கத் தூங்க விடாம சுத்துலா கூட்டம். ஒரு இடம்கூடத் தேறலை. அந்தக் காப்பியை 1991-ல் மேல்நாட்டுக்கு முதல்ல கொண்டு போன டோனி வைல்டுங்கிற பிரிட்டிஷ்காரரே பின்னாடி இதை வாங்காதீங்கன்னு பிரச்சாரம் பண்ணுனார்.

நம்ம பக்கத்தையும் சொல்லணும். புனுகுப்பூனையைக் கூண்டுல வச்சுப் புனுகு எடுக்குறது நமக்குப் பழைய பழக்கம். திருமலையில வெள்ளிக்கிழமை அபிஷேகம் முடிஞ்சதும் சாமிக்குப் புனுகு சாத்துறாங்க. கூண்டுக்குள்ள ஒரு சந்தனக் கட்டையை நட்டு வச்சா பூனை தானா வந்து தேய்ச்சுட்டுப் போகும், அதை வழிச்சு எடுப்பாங்க. இப்போ அந்தப் பூனைகளைத் திருப்பதி உயிரியல் பூங்காவுல வச்சுப் பராமரிக்கிறாங்க. எத்தியோப்பியாவுல கரண்டி விட்டுச் சுரண்டி எடுப்பாங்க, அதுக்கு இது எவ்வளவோ தேவலை. இருந்தாலும் எனக்கு முழுசா மனசு ஒப்பலை. பக்தியைப் பத்தி நான் பேசலை, கூண்டைப் பத்திப் பேசுறேன்.

சேலம் வாழப்பாடிப் பக்கம் இன்னொரு கதை. பொங்கல் முடிஞ்சதும் காட்டுல வலை கட்டி வங்காநரியைப் பிடிச்சுட்டு வந்து, ஊர் முழுக்க அது முகத்தைக் காட்டி, மந்தையில ஓட விட்டு, திரும்பக் காட்டுல கொண்டு போய் விடுவாங்க. நரி முகத்துல முழிச்சா வெள்ளாமை நல்லா வரும்னு நம்பிக்கை. வனத்துறை வருஷா வருஷம் எச்சரிக்குது, அபராதமும் போடுது. எங்க ஊருக்குப் பேரே நரிக்குடி. இந்த ஊர்ல பொறந்து அம்பது வயசு தாண்டிட்டேன், நரி ஊளை கேட்டது சின்ன வயசுலதான். குண்டாத்துப் பக்கம் எங்கயாச்சும் ஒண்ணு ரெண்டு இருக்கலாம். மானாமதுரை விருதுநகர் ரயில்ல போறவங்க போர்டுல மட்டும்தான் நரியைப் பார்க்கலாம். முகத்துல முழிக்கணும்னு நினைச்சவங்க எல்லாரும் சேர்ந்து விட்டு வச்ச மிச்சம் அது.

நான் சொல்ல வர்றது இதுதான். கிட்டப் போய்ப் பார்க்குற ஆசை தப்புன்னு சொல்லலை. அந்த மிருகத்துக்கும் நமக்கும் இடையில எவ்வளவு தூரம்ங்கிறதை யார் முடிவு பண்றதுங்கிறதுதான் கேள்வி. ஸ்கங்க் பத்தடின்னு சொல்லுது. மரநாய் ஒரு பனைமர உயரம்னு சொல்லுது. டிக்கெட்டு வாங்கிட்டா அந்தத் தூரத்தை நாம முடிவு பண்ணிக்கலாம்னு ஆயிடுது. வண்டலூர்ல தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்னு பார்க்குறதுல எனக்கு மறுப்பு இல்ல. அங்கே புலியை யாரும் மடியில தூக்கிக் குடுக்கலை. "தொட்டுப் பாருங்க, செல்பி எடுங்க"ன்னு ஆரம்பிக்கிற இடத்துலதான் சுரப்பியை எடுக்குறது, பல்லைப் பிடுங்குறது, நகத்தை வெட்டுறது எல்லாம் வரிசையா வரும். வராம முடியாது. காட்டு மிருகம் அதுக்கெல்லாம் சும்மா இருக்காதே.

இதைச் சும்மா தத்துவமா எழுதலை. மதுரையிலேருந்து தெரிஞ்சவர் ஒருத்தர் வந்திருந்தார். நல்ல மனுசன்தான். எங்க தோட்டத்துல ரெண்டு குடிசை போட்டு, சென்னைக்காரங்க வந்து தங்குற மாதிரி பண்ணலாம்ணே, கூழு, கேப்பைக்களி, மாட்டு வண்டி எல்லாம் வச்சிரலாம்னார். அதுவரைக்கும் சரி. "உங்க பழைய வீட்ல மரநாய் இருக்காமே, அதுல ஒண்ணைக் கூண்டுல வச்சோம்னா பிள்ளைங்களுக்குப் பிடிக்கும். பாலியில பாருங்க என்னா கூட்டம்"னு சொன்னார். 1972-ம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம்னு ஒண்ணு இருக்கு, உள்ள போயிருவோம்னேன். "குட்டியிலேயே பிடிச்சா பழகிரும்ணே"ன்னார். பழகும். ஸ்கங்க் பழகலையா?

பார்க்கணும்னு ஆசைப்படுறவங்க வாங்க. ஆடியிலேருந்து புரட்டாசி வரைக்கும் பனம்பழம் விழுற காலம். ராத்திரி பத்து மணிக்கு மேல, நிலா இல்லாத நாளா இருந்தா நல்லது. வரப்புல சாக்கை விரிச்சு உட்காரணும். செல்லை அணைச்சு வைக்கணும், செண்டு போடக் கூடாது. பழம் விழுந்த சத்தம் "தொம்"னு கேக்கும், அதுக்கப்புறம் ரொம்ப நேரம் ஒண்ணும் இருக்காது. கொசு கடிக்கும். பக்கத்து மரத்துல ஓலை சரசரன்னா தலையைத் தூக்காதீங்க, அது இறங்கட்டும். சிவப்புத் தாள் ஒட்டுன டார்ச்சை ஓரமா அடிச்சா ரெண்டு கண்ணு மினுங்கும். பழத்தைப் பிறாண்டித் தின்னுற சத்தம் கேக்கும். அவ்வளவுதான். சில நாள் அதுவும் கிடையாது. போன வருஷம் கோயம்புத்தூர்லேருந்து வந்த ஒரு குடும்பம் ரெண்டு ராத்திரி உட்கார்ந்தும் ஒண்ணும் பார்க்கலை. அந்தப் பையன் காலையில கம்மாய்க் கரைப் பாறை மேல அது போட்டிருந்த எச்சத்தைக் குச்சியால கிளறி, ஈச்சங்கொட்டை, இலந்தைக் கொட்டைன்னு எண்ணிக்கிட்டு இருந்தான். பதினேழு கொட்டை. கரையில ஈச்சஞ்செடி யாரு நட்டதுன்னு கேட்டான், காட்டினேன்.

மரநாயை நான் செல்லம் கொஞ்சுறதா நினைக்காதீங்க. இந்த வருஷம் மட்டும் நாலு கோழிக்குஞ்சு போச்சு. பஞ்சாரத்து மேல கல்லை வைக்காம விட்ட ராத்திரிதான் அத்தனையும். பரண்ல ஒரே மூலையில கழிஞ்சு வைக்கும், மழைக் காலத்துல அந்த நாத்தம் சகிக்காது. என் வீட்டுக்காரி அதுக்கு வச்சிருக்குற பேரை இங்கே எழுத முடியாது. ஆனா அதை வச்சுக்கிட்டு எங்க சனம் அறுபது எழுபது வருஷமா அதே வீட்டுல குடியிருந்திருக்கு. இப்போ என்னடான்னா, கேமராவுல மங்கலா ஒரு வால் தெரிஞ்சாப் போதும், வாட்ஸப்புல "மர்ம விலங்கு, பிள்ளைகளை வெளிய விடாதீங்க"ன்னு வந்துருது. போன மாசியில பக்கத்துக் கிராமத்துல இளவட்டங்க பத்துப் பேர் சேர்ந்து ஒரு மரநாயைக் கம்பால அடிச்சே கொன்னு, போட்டோ எடுத்து அனுப்புனாங்க. தாய் மரநாய். அந்தப் பயலுக கிராமத்துலேயே பொறந்தவங்க. கூண்டுல வச்சுக் கொஞ்சுறவனும், கம்பெடுத்து அடிக்கிறவனும் ரெண்டு பேருமே அதோட ஒரு கூரைக்குள்ள இருந்து பழகாதவங்கதான்னு எனக்குத் தோணுது.

இப்போ எங்க வீட்டு விவகாரம். அந்தப் பழைய ஓட்டு வீடு எனக்கும் என் தம்பிக்கும் பொது. தை மாசம் தம்பி மகளுக்குக் கல்யாணம், பணம் வேணும். தேக்கு உத்தரம், தூண், நிலைக்கதவு, நாட்டு ஓடு எல்லாத்தையும் மொத்தமா எடுத்துக்கிறேன்னு காரைக்குடிப் பக்கத்து வியாபாரி அட்வான்ஸ் குடுத்துட்டார். கடற்கரையில ஏதோ விடுதி கட்டுறாங்களாம், கிராமத்து வீடு மாதிரியே வேணுமாம். மழைக்கு முன்னாடி பிரிச்சாத்தான் மரம் நனையாதுன்னு அவர் அவசரப்படுறார். அவர் சொல்றது நியாயம். தம்பி கேக்குறதும் நியாயம். ஆனா ஆவணிக் கடைசியிலேருந்து பின்கட்டுப் பரண்ல குட்டிச் சத்தம் கேக்குது. மூணு இருக்கும்போல. கண்ணு திறந்து, தாய் பின்னால இறங்கி நடக்க எப்படியும் ரெண்டு மாசம் வேணும். ஓட்டைப் பிரிச்சா தாய் ஒண்ணைக் கவ்விக்கிட்டுப் போகும், மத்தது நாய்க்கோ காக்காய்க்கோதான்.

வனத்துறையில சொல்லிப் பிடிச்சுட்டுப் போகச் சொல்லலாமேன்னு தம்பி கேட்டான். பால் குடிக்கிற குட்டியைத் தாயோட சேர்த்துப் பிடிக்கிறது லேசுப்பட்ட காரியம் இல்ல. தாய் தப்பிச்சு ஓடிட்டா மூணும் கூண்டுலதான் வளரும். அப்புறம் அதுங்களும் மடியில உட்கார வேண்டியதுதான்.

போன வாரம் வியாபாரியை உட்கார வச்சுப் பேசினேன். முன்கட்டுத் தூண், கதவு, உத்தரத்தை இப்போ எடுத்துக்கிடட்டும், பின்கட்டை மட்டும் கார்த்திகை தாண்டி வெயில் வந்ததும் பிரிக்கட்டும்னேன். அவர் சிரிச்சுட்டு, ரெண்டு தடவை லாரி வரணும், நனைஞ்ச மரத்துக்கு விலை இல்லன்னு சொல்லி இருபதாயிரம் குறைச்சுட்டார். தம்பி பங்குல கை வைக்க வேண்டாம், என் பங்குல கழிச்சுக்கோங்கன்னு சொல்லிட்டேன். தம்பி ஒண்ணும் சொல்லலை. வீட்டுக்காரிதான் நாலு நாளாப் பேசலை.